‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்: ஒரே வடிவில் இரு வரலாறுகள்

முன்னுரை

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் என்று வகுப்பறைகளிலும் மேடைகளிலும் தரப்படும் பட்டியல்களில் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றோடு ‘காசு’ம் பெரும்பாலும் இடம்பெறுகின்றது. தமிழ்க் ‘காசு’ என்பதே ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆயிற்று என்பர். ஒலி ஒத்து வருகின்றது. பொருளும் ஒத்து வருகின்றது. ஆங்கிலேயர் தமிழகக் கடற்கரையில் வணிகம் செய்ததும் உண்மை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்துவிட்டதால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்னும் எண்ணமே பலருக்கும் எழுவதில்லை.

உண்மையில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் வடிவில் இரு வேறு பெயர்ச்சொற்கள் உள்ளன. கையிருப்புப் பணத்தைக் குறிப்பது ஒன்று. இந்தியா, தென்கிழக்காசியா, சீனம் ஆகிய நிலப்பகுதிகளின் சிறு நாணயத்தைக் குறிப்பது மற்றொன்று. முன்னது இலத்தீன் வழியில் வந்தது. பின்னதே காசின் வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் ‘சி’ எழுத்துப் பகுதி வெளிவந்தபோதே இரண்டும் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் தமிழ்ச் சூழலில் இப்பிரிவு போதிய கவனம் பெறவில்லை. இதனால் நேர்ந்த இழப்பு இருவகைப்பட்டது. தமிழுக்கு உரியதல்லாத சொல் தமிழுக்கு உரியதாகக் கூறப்படுவது ஒன்று. காசு என்னும் சொல் உண்மையாகவே மேற்கொண்ட நெடும்பயணம், சாவகத் தீவு வரையிலும் சீனம் வரையிலும் சென்ற அப்பயணம், கண்ணுக்குப் படாமல் போவது மற்றொன்று. இரண்டாவதே பெரிய இழப்பு.

பெட்டியிலிருந்து பணம்

இன்று உலகெங்கும் அறியப்பட்ட ‘கேஷ்’ என்னும் சொல்லின் மூலம் ‘காப்ஸா’ என்னும் இலத்தீன் சொல்லாகும். அதன் பொருள் பெட்டி, பேழை. உரோமானியர் ஏட்டுச் சுருள்களை வைத்துக்கொள்ளப் பயன்படுத்திய உருளை வடிவப் பேழைக்கு இப்பெயர் வழங்கியது. கொள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது இது. ஆகவே கொள்கலன் என்பது அதன் அடிப்படைப் பொருள். இதுவே இத்தாலியத்தில் ‘கஸ்ஸா’ என்றும் பிரெஞ்சில் ‘காஸ்’, ‘கெஸ்’ என்றும் திரிந்தது. தமிழர் அன்றாடம் வழங்கும் சில சொற்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. மாத்திரைக் கூட்டைக் குறிக்கும் ‘காப்ஸ்யூல்’ என்பதற்குச் சிறு பேழை என்பது பொருள். ஒலிநாடாவைக் குறித்த ‘கேசட்’ என்பதும் சிறு பெட்டியே. ‘சூட்கேஸ்’ என்பதன் பின்பகுதியும் அதே பெட்டிதான். வழக்கு மன்றத்துக் ‘கேஸ்’ மட்டும் இவ்வினத்தைச் சேராது. அது வேறோர் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒரே வடிவில் இரு சொற்கள் வழங்குவது ஆங்கிலத்தில் அரிதன்று என்பதற்கு அதுவே ஒரு சான்று.

பெட்டி பணமாக மாறிய இடம் இத்தாலிய வணிகரின் கணக்கேடு. லூக்கா பச்சோலி என்னும் கணித அறிஞர் 1494இல் வெனிசு நகரில் அச்சிட்ட பெருநூலில் இரட்டைப்பதிவுக் கணக்கு முறையை விரித்துரைக்கின்றார். வணிகன் தன் குறிப்பேட்டில் எழுதும் முதற்பதிவிலேயே இரண்டு சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன: ஒன்று ‘கஸ்ஸா’, மற்றொன்று முதலைக் குறிக்கும் சொல். ‘கஸ்ஸா’ என்பதை வணிகனின் சொந்தப் பணப்பை என்று புரிந்துகொள்ள வேண்டும் என அவர் விளக்கம் தருகின்றார். மரத்தாலான பெட்டி இங்கே கணக்கின் பெயராகிவிட்டது. பெட்டிக்குள் வந்தது, பெட்டியிலிருந்து சென்றது, பெட்டியில் எஞ்சியது என்று எழுதி எழுதி, பெட்டியில் இருப்பதற்கே அப்பெயர் நிலைத்தது. தமிழ் இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்று சொல்லும். இடத்தின் பெயர் இடத்தில் உள்ளதற்கு ஆகி வந்தது.

இம்மாற்றம் தனித்த நிகழ்வன்று. ஐரோப்பிய மொழிகளின் நிதித்துறைச் சொற்களில் கணிசமானவை கொள்கலன்களின் பெயர்களே. அரசின் வருவாய் சார்ந்தவற்றைக் குறிக்கும் ‘ஃபிஸ்கல்’ என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்குக் கூடை என்று பொருள். ‘பட்ஜெட்’ என்பது பிரெஞ்சு மொழியில் சிறு தோற்பையைக் குறித்த சொல். பங்குச் சந்தையைக் குறிக்கும் ‘பூர்ஸ்’ என்பதும், கைப்பையைக் குறிக்கும் ‘பர்ஸ்’ என்பதும் பையைக் குறித்த பிற்கால இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. இந்த வரிசையில் வைத்துக் காணும்போது ‘கேஷ்’ என்பதன் பொருள் வளர்ச்சியில் வியப்பதற்கு எதுவுமில்லை. செருமானிய மொழியிலும் இரஷ்ய மொழியிலும் பணம் செலுத்துமிடத்தைக் குறிக்க இன்றும் வழங்குவது ‘கஸ்ஸா’ என்னும் இத்தாலியச் சொல்லின் வடிவமே. தமிழ்க் காசிலிருந்து ஆங்கிலக் ‘கேஷ்’ பிறந்தது எனக் கொள்வோர், அதன் உடன்பிறப்புகளான இச்சொற்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும். தமிழ் நிலத்தோடு நேரடித் தொடர்பற்ற இரஷ்யத் தொடர்வண்டி நிலையத்தின் பயணச்சீட்டுச் சாளரம் வரை காசு எவ்வாறு சென்றது என்பதைக் காட்ட இயலாது.

கால வரிசையும் இதனை உறுதி செய்கின்றது. பச்சோலியின் நூல் அச்சேறி நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1498இல், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றுகின்றது. சேக்சுபியரின் ஐந்தாம் ஹென்றி நாடகம் 1599ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் பிஸ்டல் என்னும் பாத்திரம் தான் தரவேண்டிய தொகையைக் ‘கேஷ்’ ஆகவே கொடுத்துத் தீர்ப்பதாக வாக்களிக்கின்றது. அங்கே சொல் பெட்டியைக் குறிக்கவில்லை, பணத்தையே குறிக்கின்றது. கிழக்கிந்தியக் கம்பெனி அரச பட்டயம் பெற்றது 1600 திசம்பர் 31இல். மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலேயர் வணிகம் தொடங்கியது 1611இல். சென்னையில் இடம் பெற்றது 1639இல். அதாவது, ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையில் காலூன்றுமுன்பே அவர்தம் நாடக மேடையில் பணப்பொருளில் ‘கேஷ்’ வழங்கிவிட்டது.

இலண்டன், 1598

இவ்விரு சொற்களும் எத்துணை நெருங்கி ஆங்கில அச்சுலகை அடைந்தன என்பதற்கு 1598ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டில் ஜான் ஃப்ளோரியோ தொகுத்த இத்தாலிய–ஆங்கில அகராதி இலண்டனில் வெளிவந்தது. ‘கஸ்ஸா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பொருள் கூறும்போது, பேழை என்பதோடு வணிகனின் ‘கேஷ்’ என்றும் அவர் எழுதுகின்றார். பெட்டிக்கும் பணத்துக்கும் இடைப்பட்ட நிலையில் சொல் நிற்பதை இங்குக் காணலாம்.

அதே ஆண்டில், அதே நகரில், யான் ஹுய்கன் வான் லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தப் பயணியின் நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு வெளியாயிற்று. அவர் போர்த்துக்கேசியப் பேராயரின் பணியாளராகக் கோவாவில் வாழ்ந்தவர். சாவகத் தீவின் சுண்டா நாட்டில் வழங்கும் நாணயத்தைப் பற்றி அந்நூல் கூறுகின்றது: செம்பாலானது, மெல்லியது, நடுவில் துளையுடையது, இருநூறாகவும் ஆயிரமாகவும் கயிற்றில் கோக்கப்படுவது, ‘கைஷா’ எனப் பெயருடையது. இந்தக் ‘கைஷா’தான் தமிழ் நிலத்துக் காசின் போர்த்துக்கேசிய உருவம்.

ஓராண்டில் ஓர் ஊரில் அச்சான இரு நூல்களுள் ஒன்று பெட்டியைப் பேசுகின்றது. மற்றொன்று துளையிட்ட செம்பு நாணயத்தைப் பேசுகின்றது. அப்போது இரண்டின் எழுத்து வடிவமும் ஒன்றன்று. பின்னரே ஆங்கிலேயர் நாவில் ‘கைஷா’வும் தேய்ந்து ‘கேஷ்’ ஆயிற்று. முன்னரே பழகிய பணச்சொல் ஒன்று நாவில் இருந்தமை இத்தேய்வை எளிதாக்கியிருக்க வேண்டும்.

காசு: மணியும் பொன்னும் செம்பும்

இனி, மற்றைய சொல்லின் தாயகத்துக்கு வரலாம். தமிழில் காசு என்பது தொடக்கத்தில் நாணயத்தை மட்டும் குறித்த சொல்லன்று. அணிகலனில் கோக்கப்படும் மணி, பொன்வில்லை ஆகியவற்றையும் அது குறித்தது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், வளைந்த அலகில் வேம்பின் பழத்தைப் பற்றிய கிளியை, பொன் அணிகலனுக்குரிய காசினை நகத்தால் பற்றிப் புதுநூலில் கோக்கும் செயலோடு ஒப்பிடுகின்றார். அங்கே காசு கடைவீதிப் பொருளன்று. கழுத்தில் அணியும் பொருள். ஆண்டாளின் திருப்பாவை ஏழாம் பாசுரத்தில் ஆயர் மகளிர் தயிர் கடையும்போது ஒலிக்கும் காசும் பிறப்பும் அணிகலன்களே. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு யாப்பிலக்கணம் வகுத்த நான்கு வாய்பாடுகளுள் பின்னிரண்டு இவ்விரு சொற்களே என்பது கருதத்தக்கது. இன்றைய ‘காசுமாலை’ அந்தப் பழம்பொருளை இன்னும் விடாமல் வைத்திருக்கின்றது.

நாணயப் பொருளும் பழமையானதே. திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அடியார்க்கு உணவளிக்க அப்பரும் சம்பந்தரும் நாள்தோறும் காசு பெற்றதாகப் பெரியபுராணம் கூறும். சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் ‘வாசி’ கேட்டனர். அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமாயிற்று. வாசி என்பது நாணயத்தின் மாற்றுக் குறைவுக்காகக் கழிக்கப்படும் தொகை. அவ்வாசியைத் தீர்க்க வேண்டிச் சம்பந்தர் பாடிய பதிகம் 7ஆம் நூற்றாண்டுக்குரியது. நாணயமும், அதன் மாற்றும், மாற்றுக்குரிய கழிவும் பேசப்படும் வளர்ந்த பணப்புழக்கம் ஒன்று அதில் தெரிகின்றது.

சோழர் காலத்தில் காசு பொன் நாணயம். தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகள் காசுகளை ஊரவையாரிடம் வட்டிக்கு வைத்த செய்தியை மீண்டும் மீண்டும் பதிவு செய்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அக்காசு அரைக் கழஞ்சுப் பொன்னுக்கு இணையாகக் கருதப்பட்டது. ஈழக்காசு, பழங்காசு என வகைகளும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. ஐரோப்பியர் வந்தபோது நிலை மாறிவிட்டது. காசு என்பது செம்பாலான கடைநிலைச் சில்லறையின் பெயராக இறங்கியிருந்தது. அதன்மேல் பணமும், அதற்கும் மேல் வராகனும் இருந்தன. பொன்னிலிருந்து செம்புக்கு வந்த இவ்விறக்கம் இச்சொல்லின் வரலாற்றில் முக்கியமானது. ஐரோப்பியர் கைக்கொண்டது இறங்கிய நிலையில் இருந்த காசையே.

வடமொழியில் நிறையளவைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்பதோடு காசினை இணைப்போர் உளர். 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன்–ஜாப்சன் சொற்களஞ்சியமும் அவ்வாறே கூறுகின்றது. மணி என்னும் பொருளில் காசு சங்கப் பாடல்களிலேயே வழங்குவதால் இவ்விணைப்பை மறுப்போரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும் இங்கு ஆராயப்படும் செய்திக்கு மாற்றம் நேராது. போர்த்துக்கேசியர் எதிர்கொண்டது தென்னிந்தியச் சந்தைகளில் வழங்கிய சொல்லையே.

போர்த்துக்கேசியர் வழி

ஐரோப்பிய எழுத்தில் இந்நாணயத்தைத் தொடக்கத்திலேயே குறித்தவருள் ஒருவர் லுடோவிக்கோ டி வர்த்தேமா. இத்தாலியின் பொலோஞா நகரத்தவரான இவர்தம் பயணநூல் 1510இல் உரோம் நகரில் அச்சாயிற்று. தென்னிந்திய நாணயங்களைச் சொல்லுமிடத்து, ‘காஸ்’ பதினாறு கொண்டது ஒரு வெள்ளித் தாரம் என்கின்றார். இக்குறிப்பின் மதிப்பு அதன் தொன்மையில் மட்டும் இல்லை. வர்த்தேமாவின் தாய்மொழியில் ‘கஸ்ஸா’ என்னும் பணப்பெட்டிச் சொல் அன்றாட வழக்கு. அத்தகையவர் காசினைக் கேட்டபோது அதனைத் தம் மொழிச் சொல்லோடு சேர்க்கவில்லை. புதிய அயற்சொல்லாகவே எழுதினார். இரண்டையும் அறிந்த செவிக்கு இரண்டும் வேறாகவே ஒலித்திருக்கின்றன.

போர்த்துக்கேசியர் செய்தது வேறு. அவர்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் சொல் ‘கைஷா’. அதுவும் காப்ஸாவின் வழிவந்ததே. தென்னிந்தியச் சில்லறையின் பெயரைக் கேட்ட அவர்கள் ‘காஷா’ என்றும் ‘கைஷா’ என்றும் எழுதலாயினர். புதிய அயற்சொல் பழகிய தாய்மொழிச் சொல்லின் அச்சில் வார்க்கப்பட்டது. ஆகவே பெட்டியும் காசும் முதன்முதலில் சந்தித்த இடம் ஆங்கிலமன்று, போர்த்துக்கேசியம். ஆங்கிலத்தில் பின்னர் நேர்ந்த கலப்பு அதன் மறுபதிப்பே.

இங்கு மற்றொரு நுட்பமும் கருதப்பட வேண்டும். போர்த்துக்கேசியர் முதலில் நிலைகொண்டவை கொச்சி, கண்ணூர், கோவா ஆகிய மேற்குக் கரை ஊர்கள். மலையாளத்தில் இச்சொல் ‘காஷ்’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும்; தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘காசு’ உண்டு. போர்த்துக்கேசிய வடிவின் ‘ஷ’கர ஒலி மலையாள ஒலிப்புக்கே நெருங்கி நிற்கின்றது. ஹாப்சன்–ஜாப்சன் ஆசிரியர்கள் தமிழ் வடிவை முதன்மையாகக் காட்டி, கொங்கணி வடிவமும் மூலமாக இருக்கக்கூடும் என்று இடம் விட்டு எழுதினர். பின்வந்த அகராதிகள் பொதுவாகத் தமிழையே மூலமாகக் குறிக்கின்றன. தென்னிந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான சொல் என்று கொண்டு, அதன் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் தமிழில் உள்ளன என்று சொல்வதே நடுநிலையானது. அதனால் தமிழுக்கு வரும் குறை ஏதுமில்லை.

சீனத்துக்கும் சென்னைக்கும்

1511இல் போர்த்துக்கேசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அங்கிருந்து கிழக்கே சாவகத்திலும் சீனத்திலும் அவர்கள் கண்ட சிறு நாணயங்களுக்கெல்லாம், இந்தியக் கரையில் பழகிய ‘கைஷா’ என்னும் பெயரையே இட்டனர். நடுவில் சதுரத் துளையும் வெளியே வட்ட விளிம்பும் கொண்ட சீன நாணயத்துக்குச் சீனர் வழங்கும் பெயர் வேறு. ஆங்கில நூல்களில் அது ‘கேஷ்’. ஆயிரம் நாணயங்களைக் கயிற்றில் கோத்த சரம் வெள்ளி எடை ஒன்றுக்கு ஈடாகக் கணக்கிடப்பட்டது. நடைமுறையில் அவ்வீடு ஏறியும் இறங்கியும் வந்தது. நாணயவியலார் இன்றும் சீனத்தின் அவ்வகை நாணயங்களையும், அவற்றைப் பின்பற்றி வியத்நாமில் வார்க்கப்பட்டவற்றையும் ‘கேஷ்’ என்றே வகைப்படுத்துகின்றனர். சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய ஒரு நாணய வகைக்கு உலக நாணயவியலில் நிலைத்த பெயர் தென்னிந்தியச் சந்தையில் பிறந்தது. தமிழ்ச் சொல்லின் பயணம் பற்றிப் பேச விழைவோர் பேச வேண்டியது இதுவே. பட்டியல்களிலோ இது இடம்பெறுவதில்லை.

தமிழகத்தில் இச்சொல் கம்பெனியின் கணக்கு அலகாயிற்று. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது சென்னையின் கணக்கு முறை. ஒரு வராகனுக்கு 3,360 காசு. கணக்கேடுகளில் வராகன், பணம், காசு என மூன்று நிரல்கள் அமைந்தன. பெட்டியிருப்பைக் காட்டும் ‘கேஷ்’ கணக்கின் தொகையும் அதே நிரல்களில்தான் எழுதப்பட வேண்டும். தலைப்பில் நிற்கும் ‘கேஷ்’ இத்தாலியப் பெட்டி; மூன்றாம் நிரலின் தலையில் நிற்கும் ‘கேஷ்’ தமிழ்க் காசு. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதிய எழுத்தருக்குக் குழப்பம் நேர்ந்திராது. இடமே பொருளை உணர்த்திவிடும். குழப்பம், கணக்கேட்டைக் காணாமல் சொல்லை மட்டும் கண்ட பிற்காலத்தவர்க்கே உரியது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மேத்யூ போல்டனின் சோகோ நாணயச்சாலை 1803இலும் 1808இலும் சென்னைக்கென்று செப்புக் காசுகளை அடித்தது. 20 காசு நாணயத்தின் ஒரு பக்கத்தில் கம்பெனியின் சின்னம். மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் உரோம எண்ணுடன் ‘20 கேஷ்’ என்பதும், பாரசீக எழுத்தில் இருபது ‘காஸ்’ நான்கு ஃபலூஸ் என்னும் பொருளுடைய வாசகமும் உள்ளன. ஆங்கில வரி ‘கேஷ்’ என்கின்றது. பாரசீக வரியோ நெடில் குன்றாமல் ‘காஸ்’ என்கின்றது. மூலச் சொல் எது என்பதை அந்நாணயமே தன்மீது பொறித்து வைத்திருக்கின்றது. 1808இல் அடித்த 10, 20 காசு நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் மூழ்காளர்கள் அவற்றைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தனர். தமிழகக் கடைவீதியைக் காணாமலே அக்காசுகள் இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்போர் கைகளில் உள்ளன.

1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. அரசர் ஆட்சிப் பகுதிகளில் காசு மேலும் வாழ்ந்தது. புதுக்கோட்டையின் அம்மன் காசு பிரகதாம்பாள் உருவம் தாங்கியது. இருபது கொண்டது ஓரணா. நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்னும் கணக்கு, 1949இல் அது கொச்சியுடன் இணையும் வரை நிலவியது.

இலக்கணமும் பொருளும்

ஆவணச் சான்றுகளோடு மொழியமைப்பும் இரு சொற்களையும் பிரித்துக் காட்டுகின்றது. நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ எண்ணப்படும் பெயர்: பத்துக் கேஷ், இருபது கேஷ் எனலாம். பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ எண்ணேற்காது. இலண்டன் வழக்கில் இருபது கேஷ் என்பார் இலர். அதன் தொடக்க காலத்தில் மட்டும் ஒரு பன்மை வடிவம் தென்படுகின்றது. 1677ஆம் ஆண்டின் இலண்டன் வணிகர் பெயரேடு, பிறர் பணத்தை வாங்கி வைத்துக் கொடுத்த பொற்கொல்லர்களை ஓடும் ‘கேஷ்கள்’ வைத்திருப்போர் என்று குறிக்கின்றது. அப்பன்மை நாணயங்களின் பன்மையன்று. இருப்புகளின், பெட்டிகளின் பன்மை.

பொருளெதிர்வு இதனினும் தெளிவானது. ஆங்கிலக் ‘கேஷ்’ என்பதன் எதிர்ச்சொல் கடன். பெட்டியில் இருப்பது ஒருபுறம், பிறரிடமிருந்து வரவேண்டியது மறுபுறம் என்னும் கணக்கேட்டு மரபில் பிறந்த எதிர்வு அது. தமிழ்க் காசுக்கு இவ்வெதிர்வு இயல்பன்று. கடனாகப் பெற்றதும் காசுதான், கையில் இருப்பதும் காசுதான். ‘கேஷ்’ என்பதன் பொருளைத் தமிழ் வணிகர் உணர்த்திய சொல் ரொக்கம். மராத்தியிலும் தெலுங்கிலும் அதற்கு இனமான வடிவங்கள் உண்டு. ‘ரொக்கமா, கடனா’ என்று கேட்பதே கடைவழக்கு. மேனிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடநூலும் ‘கேஷ் புக்’ என்பதை ரொக்க ஏடு என்றே பெயர்க்கின்றது. காசேடு என்று பெயர்க்க எவர்க்கும் தோன்றாமை, இரு சொற்களின் பொருளெல்லை வேறென்பதைத் தமிழரின் மொழியுணர்வே அறிந்திருப்பதைக் காட்டும்.

இரு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் நடந்து ஓரிடம் வந்து சேர்ந்தன. தமிழில் மணியும் நாணயமும் பொதுவாகப் பணம் என்னும் பொருளுக்கு விரிந்தன. ‘பணம்’ என்னும் சொல்லும் இவ்வாறே ஒரு நாணயத்தின் பெயராக இருந்து விரிந்ததாகும். ஆங்கிலத்தில் பெட்டி பணமாகச் சுருங்கிற்று. கடைக்காரரின் ‘கல்லாப்பெட்டி’யில் உள்ள ‘கல்லா’, தானியத்தையும் விளைவையும் குறித்த பாரசீக–அரபுச் சொல்லின் வழி வந்து பெட்டியின் பெயராயிற்று. ஆங்கிலம் சென்ற பாதைக்கு அது நேர்மாறு.

காசாளரும் காசோலையும்

‘கேஷ்’ தமிழ்ச் சொல் என்னும் கூற்றுக்கு ஆதரவாகக் காசாளர், காசோலை ஆகியவற்றை எடுத்துக்காட்டுவோர் உண்டு. ‘கேஷியர்’ என்பதற்குக் காசாளர் எவ்வளவு பொருந்தி வருகின்றது என்பர். இவை 20ஆம் நூற்றாண்டுக் கலைச்சொல்லாக்கத்தின் விளைவுகள். ‘கேஷியர்’ என்பது பிரெஞ்சு, ஒல்லாந்த வழக்குகளின் வழியாக ஆங்கிலம் புகுந்த சொல். பெட்டிக்குப் பொறுப்பாளர் என்பதே அதன் பொருள். தமிழாக்கம் செய்தோர், ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்துவரும் காசினைத் தேர்ந்தெடுத்தது நல்ல சொல்லாக்கத் திறன். காசோலை அதனினும் துணிவான ஆக்கம். ‘செக்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு அதற்கு ஒலித்தொடர்பு ஏதும் இல்லை, ஓலை என்னும் பழைய ஆவணச் சொல் மட்டும் புதுப்பொருளில் உயிர்பெற்றது. இவ்விரண்டும் சொல்லாக்கத்துக்குச் சான்றாகுமேயன்றி, சொல்வழிக்குச் சான்றாகா.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ‘கேஷ்’ இலத்தீன் வழியது என்று படித்தறிந்தவர் சிலர், காசுக்கும் ஆங்கிலத்துக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அகராதியின் முதல் தலைச்சொல்லோடு நின்றுவிடுவதால் வரும் பிழை இது. சொற்கடன் பற்றிக் கற்பிக்கும் வகுப்பில், சோகோ நாணயச்சாலையின் 20 காசு நாணயத்தின் படத்தை முன்வைத்து அதன் ஆங்கில வரியையும் பாரசீக வரியையும் மாணவரைப் படிக்கச் செய்து, பின்னர் ஃப்ளோரியோ 1598இல் எழுதிய பொருளோடு ஒப்பிடச் செய்தால், எந்தக் ‘கேஷ்’ தமிழுடையது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.